நூறு கிராம் பம்பு

மகனே,

நீ இதைப் படிக்கும்போது உனக்கு மீசை இருக்கும். இப்போது பல்லே இல்லை. தூளியில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருக்கிறாய். நான் பக்கத்தில் பெட்டியின் மேல் பேப்பரை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை மஸ்கட்டுக்குக் கிளம்புகிறேன். கடல்நீரைக் குடிநீராக மாற்றுகிற ஆலை ஒன்றில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் வேலை. தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்துத் தூக்கி எறிகிற வேலைக்கு உப்பு எடுக்கிற ஊரிலிருந்து ஒருத்தன் போகிறான் என்று சொல்லி உன் அம்மா சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாளாக எதற்குமே வரவில்லை.

வளர்ந்த பிள்ளைக்கு எழுத வேண்டிய கடிதத்தை, பிள்ளை வளர்வதற்கு முன்னாலேயே எழுதுகிறேன். காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. இருபது வருஷம் கழித்து எழுதினால் இந்த அருவருப்பு ஆறிப்போயிருக்கும். நானும் மேடையில் பேசுகிற பெரிய மனுஷன் மாதிரி நிதானமாக நீதி சொல்ல ஆரம்பித்துவிடுவேன். அந்த ஆளின் பேச்சு உனக்கு வேண்டாம். சூடாக இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்பப்போகிறேன். உனக்குச் சொல்வதை ஊரும் படித்தால் யாரும் கெட்டுப்போக மாட்டார்கள்.

உன் தாத்தாவை, அதாவது உன் அம்மாவின் அப்பாவை, நீ எந்தக் கோலத்தில் பார்த்து வளர்ந்திருப்பாய் என்று தெரியவில்லை. இன்றைக்கு அவர் மரக்காணம் உப்பளத்தில் குத்தகைக்குப் பாத்தி வைத்திருக்கிறார். அவரோடு சேர்த்து நான்கு குடும்பங்கள் ஒரே கிணற்றின் உப்புத்தண்ணீரை இறைத்து உப்பு எடுக்கின்றன. இன்றைக்கு யார் பாத்திக்குத் தண்ணீர், நாளைக்கு யாருக்கு என்று முறை சொல்வது உன் தாத்தா. அதற்குக் கூலி கிடையாது, எழுத்தும் கிடையாது. மற்றவர்கள் ஒத்துக்கொண்டதால் அவர் சொல்கிறார், அவ்வளவுதான். அவர் சொல் ஒரு நாள் கோணினால் அன்றோடு முறை சொல்கிற வேலை போய்விடும்.

அளத்து ஆட்களுக்குத் தபால் வருவது வீட்டுக்கு இல்லை. விடிவதற்கு முன்னால் கிளம்பிப் போகிறவர்களின் வீட்டில் பகலில் யார் இருப்பார்கள்? எல்லோருடைய தபாலும் எடைக்கொட்டகை விலாசத்துக்குத்தான் வரும். உப்பு மூட்டைகளை எடை போடுகிற இடம் அது. கீற்றுக் கூரை, ஒரு தராசு, ஒரு பெஞ்சு, ஒரு தண்ணீர்ப்பானை, கூரை பாதி மறைத்த ஒரு செங்கல் சுவர். தபால்காரரோ கூரியர்காரரோ வரும்போது அங்கே யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர், யார் பேருக்கு வந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கூரைக் கழியில் செருகி வைப்பார். உரியவர் வரும்போது எடுத்துக்கொள்வார். எனக்குக் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் என் வேலை உத்தரவே அந்தக் கழியில் சில நாள் செருகிக் கிடந்தது. யார் வாங்கினது என்று கத்தினேன். "யாரோ வாங்கனோம்பா, பத்திரமாத்தான இருக்குது?" என்றார்கள். பொறுப்பில்லாத கூட்டம் என்று நினைத்தேன்.

அந்தக் கிணற்றில் ஒரு பழைய டீசல் என்ஜின் இருந்தது. சுனாமித் தண்ணீர் கழுவெளி ஏரி வழியாக அளத்துக்குள் ஏறியபோது அது சேற்றில் மூழ்கிவிட்டது. கழற்றிக் கழுவி, எண்ணெய் விட்டு, திட்டி, ஒரு பருவம் எப்படியோ ஓட்டினார்கள். அடுத்த பருவம் தொடங்கும்போது அது அசையவில்லை. கையில் தூக்கிக்கொண்டு போகிற மண்ணெண்ணெய்ப் பம்பு ஒன்று இருந்தால் நான்கு பேருக்கும் போதும். ஆனால் நிவாரணத்துக்கென்று ஆளாளுக்கு மொத்தமாக வாங்கிப்போனதில் புதுச்சேரிக் கடைகளில் அந்த அளவு பம்பு கிடைக்கவில்லை. "மாப்ள, நீங்க அந்தக் கம்ப்யூட்டர்ல எல்லாம் வாங்கலாம்னு சொன்னீங்களே" என்று உன் தாத்தா கேட்டார். நான்தான் பார்த்தேன். இன்டர்நெட்டில் ஏலம் விடுகிற ஒரு கம்பெனியில், இருபது கிலோ எடையுள்ள ஜப்பான் பம்பு ஒன்று விற்பனைக்கு இருந்தது.

இந்த மாதிரிக் கடிதங்களில் அப்பாக்கள் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி, அன்றைக்கு நான் ஆசையில் அறிவை இழந்தேன் என்று ஒப்புக்கொள்வார்கள். நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஆர்டர் போட்டதில் நான் ஒரு தப்பும் செய்யவில்லை. எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமா படித்தவன் நான். விற்கிறவனின் பழைய வியாபாரங்களைப் பார்த்தேன், வாங்கியவர்கள் எழுதிய பாராட்டுகளைப் படித்தேன். பம்பின் அடிப்பக்கத்தில் உள்ள நம்பரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், அனுப்பினான். போனில் பேசினேன். அவனுக்கு, பம்புக்குள் சுழல்கிற இம்பெல்லர் என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. நான்கு குடும்பமும் பங்கு போட்ட பணத்தை அவன் கையில் கொடுக்கவில்லை. பொருள் வந்து சேரும்வரை பணம் எங்களிடம் பத்திரமாக இருக்கும் என்று ஏலக் கம்பெனி சொன்னது, அதனிடம் கட்டினேன். பேராசைப்பட்டு ஏமாந்தவனைப் பார்த்தால் ஊர் சிரிக்கும், அவனும் தலையில் அடித்துக்கொண்டு திருந்துவான். எல்லாவற்றையும் சரியாகச் செய்து ஏமாந்தவன் என்ன திருந்துவது? அருவருப்புதான் மிச்சம்.

விற்றவன் ஒரு வலைத்தள முகவரி அனுப்பினான். அதில் எங்கள் நம்பரைப் போட்டால் சரக்கு எங்கே வருகிறது என்று காட்டும். ஒரு கோடு, கோட்டின் மேல் ஊர்ப் பெயர்கள், கோட்டில் ஊர்ந்து வருகிற ஒரு சின்ன லாரி. எடை இருபத்திரண்டு கிலோ, பெட்டியோடு சேர்த்து. நான் வேலை முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கியதும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் அதைப் பார்ப்பேன். பங்குக்காரர்களில் ஒருத்தனான சம்பந்தம் தினமும் எனக்கு முன்னாலேயே வந்து வாசலில் நிற்பான். நாற்பது வயசு இருக்கும், வாய் மட்டும் இன்னும் பதினெட்டில் நிற்கிறது. கொட்டகைப் பெஞ்சில் பாதி நாளைக் கழிக்கிறவன்.

"இதான் நம்ம லாரியா?" என்பான்.

"படம்."

"படம்னா, லாரி எங்க இருக்குது?"

"ஓசூர்னு போட்டிருக்கு."

"டிரைவர் சாப்ட்டானா பாருப்பா. நேத்தெல்லாம் நகரவே இல்ல."

இப்போது உனக்குப் பாத்தி மிதிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழை ஈரம் இருக்கும்போதே பாத்தித் தரையைக் களிமண் குழைகிற மாதிரி வரிசையாக நின்று மிதிப்பார்கள். மிதிக்க மிதிக்கத் தரை இறுகி வழவழவென்று ஆகும். தண்ணீர் கீழே இறங்காது, உப்பில் மண் ஏறாது. ஆனால் மிதித்து முடித்ததும் உப்புத்தண்ணீரை விட்டுவிட வேண்டும். வெறுமனே வெயிலில் காயவிட்டால் தரை பிளந்துவிடும், பட்ட பாடு வீண். அதனால் தண்ணீர் உறுதியானால்தான் மிதிப்பார்கள். உன் தாத்தா என்னைக் கேட்டார்: "மாப்ள, வியாழக்கெழம வந்துடுமா?" நான் சொன்னேன்: "வந்துடும்னு போட்டிருக்கு மாமா." போட்டிருக்கு என்பது எனக்கு ஒரு செய்தி. வந்துடும் என்பது அவருக்கு ஒரு வாக்கு. அவர் போய் மிதிக்கச் சொல்லிவிட்டார்.

நான்கு குடும்பமும் இறங்கி மிதித்தது. நீ உன் அம்மாவின் வயிற்றில் இருந்தாய். அவள் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, மிதிக்கிறவர்களுக்குக் கூழ் ஊற்றிக் கொடுத்தாள். கணுக்காலுக்கு மேல் சேறு பூசிக்கொண்டு சம்பந்தம் லாரியைப் பற்றி வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் பேச்சுக்கு எல்லோரும் சிரித்தார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் நான் நம்பரைப் போட்டேன். லாரி கோட்டின் கடைசியில் நின்றது, பச்சை விளக்கு எரிந்தது. மரக்காணத்தில் டெலிவரி ஆகிவிட்டது என்று போட்டிருந்தது.

சம்பந்தம் என் தோள்மேல் எட்டிப் பார்த்தான். "பச்ச எரியுது. வந்துடுச்சா?"

"வந்துடுச்சுன்னு போட்டிருக்கு. கொட்டகைல யாரோ வாங்கியிருக்காங்க."

சைக்கிளை மிதித்துக்கொண்டு கொட்டகைக்குப் போனோம். தராசு இருந்தது, பெஞ்சு இருந்தது, பானை இருந்தது. பம்பு இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாள் பாத்திகளின் ஓரத்தில் முதல் வெடிப்பு விட்டது. அப்புறம் தினமும் நடுவை நோக்கி வந்தது. நீ வறண்ட ஏரியைப் பார்த்திருப்பாய். அது தானாகக் காய்ந்தது. இது நான்கு குடும்பம் காலால் செய்த தரை. அது பிளப்பதை அதே ஆட்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள்.

பொருள் வரவில்லை என்றதும் ஆட்கள் திருடனை எங்கே தேடுவார்கள் என்று நினைக்கிறாய்? கண் காணாத ஊரில் இருக்கிறவனையா? அவனை யார் பார்த்தது? கண்ணெதிரில் இருக்கிறவனைத்தான் தேடுவார்கள். கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்கிறது. மரக்காணத்தில் இறங்கிவிட்டது என்கிறது. பம்பு யார் பேருக்கு வந்தது? முறை சொல்கிறவர் என்பதால் உன் தாத்தா பேருக்கு. ஒரே வாரத்தில் பேச்சு முளைத்தது. பெரியவர் பம்பை வாங்கி, பொம்மையார்பாளையத்தில் இருக்கிற மச்சான் வீட்டில் இறக்கிவிட்டார் என்று. டீக்கடையில் இதை எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னது சம்பந்தம். நகைச்சுவையாகத்தான் சொன்னான். அவன் எதையும் அப்படித்தான் சொல்வான்.

ஒரு நாள் கொட்டகையில், ஆட்கள் எல்லோரும் இருக்கும்போது, நேராகவே கேட்டுவிட்டான். "ஏம் மாமா, கம்ப்யூட்டரு பொய் சொல்லுமா?"

உன் தாத்தா அவனைப் பார்த்தார். "அது சொல்லாதுடா. நான் சொல்லுவனா?"

ஒருத்தர் எழுந்துபோய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். அவ்வளவுதான் நடந்தது. அன்றிலிருந்து அவரிடம் யாரும் முறை கேட்கவில்லை. வாடகைக்கு ஒரு பம்பு எடுத்து, அவர்களுக்குள்ளேயே பேசித் தண்ணீர் விட்டுக்கொண்டார்கள். மீதி இருந்தால் உன் தாத்தா பாத்திக்கு. அவர் சாப்பிட்டார், தூங்கினார், வேலைக்குப் போனார். ஆனால் கொட்டகைப் பெஞ்சில் உட்காரவில்லை. வெளியே வெயிலில் நின்று மூட்டையை எடை போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.

நான் ஏலக் கம்பெனியோடு சண்டைக்குப் போனேன். மெயில் மேல் மெயில் எழுதினேன். கடைசியில் ஒரு பெண் போனில் கிடைத்தாள். தமிழ்ப் பெண்தான். "சார், உங்க கம்ப்ளெயின்ட் பார்த்தோம் சார். கூரியர் ரிக்கார்டுல டெலிவர்டுன்னு இருக்கு சார். கையெழுத்தும் இருக்கு சார். செல்லருக்குப் பேமென்ட் ரிலீஸ் பண்ணியாச்சு சார்."

"எனக்குப் பொருள் வரலம்மா."

"சிஸ்டத்துல வந்திருக்கு சார்."

"நான் சிஸ்டத்துல குடியிருக்கலையே. மரக்காணத்துல இருக்கேன்."

"வேற ஏதாவது ஹெல்ப் வேணுமா சார்?"

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளை உட்கார வைத்து அந்த வாக்கியத்தைக் கொடுத்தவன் ஒருத்தன் இருக்கிறானே, அவனை நினைத்தால் வாயில் எச்சில் ஊறுகிறது, துப்புவதற்கு.

கூரியர் கையெழுத்து என்றாளே, அது உறுத்தியது. விற்றவன் கொடுத்த வலைத்தளத்தை மறுபடி திறந்து, அந்தப் பக்கம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பின்பக்கத்தைப் பார்த்தேன். இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. லாரி எந்த நாள் எந்த ஊரில் நிற்க வேண்டும் என்று எல்லாம் முதலிலேயே வரிசையாக எழுதி வைத்திருந்தான். தேதி மாறினால் லாரி நகரும். ஓசூரில் ஒரு நாள் அதிகமாக நிற்பதுகூட எழுதி வைத்ததுதான், நிஜம் மாதிரி இருக்கட்டும் என்று. சம்பந்தம் டிரைவர் சாப்பிட்டானா என்று கேட்டபோது, உன் தாத்தா மிதிக்கச் சொன்னபோது, உன் அம்மா கூழ் ஊற்றியபோது, டெலிவரி ஆகிவிட்டது என்ற வரி ஏற்கெனவே அங்கே எழுதப்பட்டு, தன் நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. திருடுகிறவனை நான் பார்த்திருக்கிறேன். திருடுவதற்கு முன்னால் இவ்வளவு அக்கறையாக உட்கார்ந்து, ஒழுங்காக, கமாவைக்கூடத் தப்பில்லாமல் போட்டு வைக்கிறவனைப் பார்த்ததில்லை. என்னைப் போல டெக்னிக்கல் படித்தவன். அவனுக்கும் யாரோ ஒரு வாத்தியார் சொல்லிக் கொடுத்திருப்பார்.

ஆக, அந்த லாரி எங்கள் கண்ணுக்கு. ஏலக் கம்பெனியின் கண்ணுக்கு வேறு ஒன்று தேவைப்பட்டிருக்கும், பொருள் சேர்ந்ததாக யாராவது கையெழுத்துப் போட்ட நிஜக் கூரியரின் நிஜச் சீட்டு. உன் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு திண்டிவனத்துக்குப் போனேன். அங்கே, எங்கள் ஊருக்குப் பிரித்து அனுப்புகிற கூரியர் அலுவலகத்தில் உன் தாத்தா பேரைச் சொல்லித் தேடச் சொன்னேன். அங்கிருந்தவர் நல்ல மனுஷன். பழைய ரசீதுக் கட்டை அவிழ்த்துத் தேடி ஒரு சீட்டை எடுத்துப் போட்டார். பெறுபவர் உன் தாத்தா. விலாசம் எடைக்கொட்டகை. பொருள்: கவர். எடை: நூறு கிராம்.

"என்ன சார் வர வேண்டியது?" என்றார் அவர்.

"பம்பு."

"தண்ணி பம்பா?" என்று கேட்டுவிட்டுச் சீட்டை மறுபடி பார்த்தார். பிறகு சிரிக்காமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சீட்டின் அடியில் வாங்கியவர் கையெழுத்து இருந்தது. தமிழில், ஒவ்வொரு எழுத்தும் புள்ளி வைத்துத் தனித்தனியாக: ச. சம்பந்தம்.

நான் பஸ்ஸில் வழி முழுக்கக் கொதித்துக்கொண்டு வந்தேன். பெருமுக்கல் மலை ஜன்னலில் வந்தது, போனது. கொட்டகையில் இறங்கியதும் சீட்டின் நகலைச் சம்பந்தத்தின் முகத்துக்கு நேரே பிடித்தேன். "இது யார் கையெழுத்து?"

அவன் பார்த்தான். "என்னுதுதான்."

"என்ன வாங்கின?"

"நாளைக்கிப் பத்து கையெழுத்துப் போடறேன், எது எதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றான். அப்புறம் அவனுக்கு நினைவு வந்தது. வந்தது முகத்தில் தெரிந்தது. "ஒரு கவரு. உள்ளாற வெறும் காலண்டர் அட்ட. வெளம்பரம்னு நெனச்சேன். பானைக்கு மூடியா போட்டேன். அப்பறம் ஆடு தின்னுடுச்சு."

"அந்தக் காலண்டர் அட்டைக்குத்தான் எங்க மாமாவத் திருடன்னு சொன்ன."

"ஏம்பா, அது பம்புன்னு எனக்கென்ன தெரியும்? அட்டையில தண்ணி எறைக்க முடியுமா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். நான் அடிக்கக் கை ஓங்கினேன், இதை மறைக்க மாட்டேன். உன் தாத்தா என் கையைப் பிடித்தார். "உடுங்க மாப்ள." பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நீண்ட நாளைக்குப் பிறகு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சம்பந்தமே தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: "நாளைக்கு யாருக்கு மாமா தண்ணி?"

கதை இங்கே முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. நாள் முழுக்க எடை போடுகிற ஜனங்கள், மூட்டையைக் கையால் ஆட்டிப் பார்த்தே ஈரம் எவ்வளவு என்று சொல்கிற ஜனங்கள், ஒரு கவரைக் கையில் வாங்கும்போது அதில் என்ன இருக்க முடியும் என்று யோசிக்கவில்லை. அடுத்தவன் பேருக்கு வந்ததைக் கையெழுத்துப் போட்டு வாங்குகிற பழக்கம்தான் ஓட்டை. திருடன் அந்த ஓட்டையில் கையை விட்டான். ஓட்டையை அடைக்க வேண்டும். மறுநாளே சாக்பீஸ் எடுத்துக் கொட்டகைச் சுவரில் பெரிதாக எழுதினேன்: அடுத்தவர் பேருக்கு வரும் எதையும் வாங்காதே, கையெழுத்துப் போடாதே. டெக்னிக்கலாக இதைவிடச் சரியான விதி இருக்க முடியாது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

உன் தாத்தா அதைப் படித்துவிட்டுத் தன் பாட்டுக்கு எல்லோருடைய தபாலையும் வாங்கிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். இதற்குள் நீ பிறந்துவிட்டாய்.

கன்னியம்மா என்று ஒருத்தி இருக்கிறாள். உப்புச் சுமக்கிறவள், புருஷன் இல்லை. பம்பில் அவளுக்குப் பங்கும் இல்லை, எங்கள் வழக்கில் அவளுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் மகள் சுமதி ப்ளஸ் டூ நல்லபடி முடித்துவிட்டு, புதுச்சேரியில் ஒரு நர்சிங் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். விலாசம், எல்லோரையும் போல, எடைக்கொட்டகை. நேர்முகக் கார்டு வருகிறவரை சும்மா இருக்க வேண்டாமென்று, அளத்தில் சுமை குறைந்திருந்த அந்த நாட்களில் தாயும் மகளும் ஆரோவிலில் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் நான் உன் தாத்தாவை இழுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைந்தேன். இன்டர்நெட் திருட்டை எழுதி வாங்க மாட்டேன் என்றார்கள், நான் விடவில்லை. ஐயா இல்லை, நாளைக்கு வா என்றார்கள். மறுநாளும் போனோம். அந்த இரண்டு நாளும் தபால்காரர் கொட்டகைக்கு வந்திருக்கிறார், சுமதி பேருக்கு ஒரு கவரோடு. உன் தாத்தா இல்லை. பெஞ்சில் சம்பந்தம் இருந்திருக்கிறான். வாங்கி வைய்யா என்று தபால்காரர் கேட்டதற்கு, "நாங்க கைய வைக்கறதில்லீங்க. படிச்ச மாப்ள எழுதி வெச்சிருக்காரு, படிச்சிப் பாருங்க" என்று சுவரைக் காட்டியிருக்கிறான். இரண்டாம் நாளும் அதையே காட்டியிருக்கிறான். ஆள் இல்லை என்று எழுதிக் கவர் திரும்பிப் போய்விட்டது. நேர்முகத்துக்கு வரச் சொல்லி அனுப்பிய கார்டு அது.

எல்லோருக்கும் கார்டு வந்துவிட்டதே என்று சுமதி நேரில் போய்க் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. நேர்முகம் முடிந்துவிட்டிருந்தது. நான் அந்தப் பள்ளிக்கு அவர்களோடு போனேன். என்னால் ஆனமட்டும் வாதாடினேன். அவர்கள் தபால் உறையை எடுத்துக் காட்டினார்கள். "நாங்க அனுப்பினோம் சார், நீங்கதான் வாங்கல." அடுத்த வருஷம் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். பம்பு வராதபோது வந்துவிட்டது என்று ஒரு சீட்டு இருந்தது. கார்டு வந்தபோது ஆள் இல்லை என்று ஒரு முத்திரை இருந்தது. இரண்டையும் நம்பி இரண்டு அலுவலகங்கள் நிம்மதியாக ஃபைலை மூடிக்கொண்டன.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கன்னியம்மா என்னைத் திட்டினாள். ஆட்கள் நின்று பார்க்கிற மாதிரி திட்டினாள். "எம்பொண்ணு பேருல வந்ததத் தொட்டா ஒங்களுக்கு ஒட்டிக்குமா? சாக்பீசு புடிச்சி அவ்ளோ பெருசா எழுதனியே, அந்தக் கையால ஒரு கையெழுத்துப் போட்டா தேஞ்சா பூடும்? நீ ஏமாந்தா நீ அழுவு. என் வூட்டு வாசல ஏன் அடச்ச?"

விதி சரிதான், சம்பந்தம் செய்தது குசும்பு என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மை. சுமதி தள்ளி நின்று, பள்ளியில் கொடுத்த அடுத்த வருஷத்து விண்ணப்பத்தை மடித்துப் பிரித்து, மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். இப்போது தன் அம்மாவோடு உப்புச் சுமக்கிறாள். அவள் உள்ளங்காலில் வெடிப்பு விட்டிருக்கிறதாம், உன் அம்மா சொன்னாள். உன் அம்மா எதையும் காரணமில்லாமல் சொல்கிறவள் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் உன் தாத்தா துண்டைப் பானைத் தண்ணீரில் நனைத்துச் சுவரைத் துடைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "எழுத்து நல்லாத்தான் இருந்துது மாப்ள" என்றார். கிண்டல் இல்லை. அவர் கிண்டல் செய்கிறவர் இல்லை.

திருடனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாய். ஒன்றும் ஆகவில்லை. அவன் இப்போதும் எங்கோ குளிர்பதன அறையில் உட்கார்ந்து இன்னொரு லாரியை இன்னொரு கோட்டில் ஊரவிட்டுக்கொண்டிருப்பான். அவன்மேல் உள்ள அருவருப்பு எனக்குப் போகாது. ஆனால் அவன் எங்களிடம் எடுத்தது ஒரு பம்பு. கொட்டகையில் ஒருத்தர் பேருக்கு ஒருத்தர் கை நீட்டுகிற பழக்கம் இருந்ததே, அதை அவன் எடுக்கவில்லை. அதை நாங்களே எடுத்துக் கொடுத்தோம். நான் சாக்பீஸில் எழுதிக் கொடுத்தேன்.

நேற்று கொட்டகைக்குப் போனேன். சம்பந்தம் பெஞ்சில் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், பிறகு எழுந்திருக்கவில்லை.

"மஸ்கட்ல இருந்து நான் அனுப்பற ரிஜிஸ்டர் தபால் எல்லாம் வரும். வீட்டுக்கு, கம்பெனிக் காகிதம், எல்லாம். இந்த விலாசம்தான் குடுத்திருக்கேன். நீ வாங்கி வை" என்றேன்.

"ஏன், ஒங்க மாமனாரு இல்ல?"

"அவரு பாத்தில இருப்பாரு. நீதான் நாள் பூரா இங்க குந்திக்கினு இருக்க."

"தெரிஞ்சிதான் கேக்கறியா? அப்பறம் எதுனா காணாமப் பூட்டா, எங்கையெழுத்தக் காட்டி ஊர் பூரா கத்துவ."

"கத்துவேன்."

"செரி, கத்து" என்றான். பிறகு, நான் திரும்பும்போது, "கன்னிம்மா பொண்ணுக்கு இந்த வாட்டி கார்டு வந்தா அது எங்க வேலைல இருந்தாலும், ஆரோவிலுன்னாலும் நானே எடுத்துக்கினு போய்க் குடுக்கறேன்னு சொல்லியிருக்கேன். அந்தப் பொம்பள என்னைத் திட்டறதையே நிறுத்தல" என்றான். எனக்கு இன்னும் அவனைப் பிடிக்கவில்லை. பிடிக்காமலேயே ஒருத்தனிடம் விலாசத்தைக் கொடுத்துவிட்டுப் போக முடியும் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

மகனே, உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். திரையில் ஓடுகிற லாரியைப் பார்த்து யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. உன் காலத்தில் அந்தப் படம் இன்னும் அழகாக இருக்கும். சரக்கைத் தொட்ட பிறகு பாத்தியை மிதி. ஆனால் நீ கொட்டகையில் உட்கார்ந்திருக்கும்போது, யார் பேருக்காவது ஏதாவது வந்தால், வாங்கு. என் பழைய விதியை யாராவது நினைவு வைத்துச் சொன்னால், என் அப்பாவே அழித்துவிட்டார் என்று சொல். அழித்தது உன் தாத்தாதான், இருந்தாலும் அப்படிச் சொல். வாங்கும்போது கையில் தூக்கிப் பார். எழுதியிருக்கிற பொருளுக்கும் கையில் இருக்கிற எடைக்கும் ஒத்துவராவிட்டால், கொண்டுவந்தவரை நிறுத்தி, அவர் கண் முன்னால் பிரி. ஒத்துவந்தால் கையெழுத்தைப் போடு.

போடும்போது கிறுக்காதே. உன் பேரை முழுசாக, எழுத்துக்கு எழுத்து புள்ளி வைத்து, யாரும் படிக்கிற மாதிரி எழுது, சம்பந்தம் எழுதிய மாதிரி. அவன் அன்றைக்குக் கிறுக்கியிருந்தால் உன் தாத்தா இன்றைக்கும் வெயிலில் நின்றுதான் மூட்டை எடை போட்டுக்கொண்டிருப்பார்.

உன் அப்பா